தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம்: வீட்டில் மீட்டச் சொல்லிக்கொடுக்க வருவோருக்கு

பின்னேரம் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிக்கும் அம்மா, அக்கா, அண்ணா, ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்து மாலை வகுப்புக்கு முதன்முதலாகப் படிப்பிக்க வந்திருக்கும் இளைஞர்: இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வன்னியில் இவர்களில் பலருக்கு இடம்பெயர்வோடு சொந்தப் படிப்பு இடையில் அறுந்துபோனது. “நானே ஒன்பதைத் தாண்டேல்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறது?” என்று கேட்பார்கள். தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். வயல் செய்தவருக்கும் குளத்தங்கரையில் வளர்ந்தவருக்கும் இந்த நான்கு வகுப்புப் பாடத்தில் பெரும்பகுதி தெரிந்த விடயம்தான். புத்தகம் அதற்கு இட்டிருக்கும் பெயர்தான் தெரியாது. பிள்ளைக்கு நிலைமை தலைகீழ்: பெயர் பாடம், அது எந்தப் பொருளைக் குறிக்கிறது என்றுதான் தெரியாது. மீட்டல் என்றால் இரண்டையும் கொண்டுவந்து பொருத்துவது.

முதலில் புத்தகம்

ரியூசன் குறிப்பிலோ யூரியூப்பிலோ தொடங்க வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் பாடநூல்தான் அடிப்படை. பரீட்சைக் கேள்வியில் வரும் சொல்லும் அதிலுள்ள சொல்தான். பிள்ளை தரம் 8 என்றால் தரம் 6, 7 புத்தகங்களையும் தேடி எடுங்கள். அயலில் மூத்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பீடிஎஃப் ஆக இருக்கிறது, போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சிக்னல் போய்ப் போய் வரும் ஊரென்றால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

கீழ் வகுப்புப் புத்தகம் எதற்கு என்றால், ஒரே விடயம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடிக்கொண்டு வரும். தரம் 9 இல் அமுக்கம் விளங்காத பிள்ளைக்கு அநேகமாக விசை என்ற சொல்லே கீழ் வகுப்பில் நழுவியிருக்கும். ஓட்டை அங்கே இருக்க, மேலே பூசிக்கொண்டிருந்து பிரயோசனமில்லை.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இதற்குத் தாளும் பேனையும் எடுக்க வேண்டாம். எடுத்தால் பிள்ளை பயந்துவிடும். முற்றத்தில் இருந்து கதையோடு கதையாகக் கேளுங்கள். கொடியில் போட்ட உடுப்பு சோளகக் காற்றில் ஏன் கெதியாகக் காய்கிறது? குளத்துக் கட்டின் அடி ஏன் அவ்வளவு அகலம், மேல் ஏன் ஒடுக்கம்? இறால் மீனா? வயலுக்கு யூரியா போடாவிட்டால் நெல்லுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? பதில் சரியா பிழையா என்பதைவிட, பிள்ளை எந்தச் சொல்லைக் கொண்டு விளக்க முயல்கிறது என்பதைக் கவனியுங்கள். சொல்லே இல்லாமல் கையால் காட்டினால் பொருள் தெரியும், பெயர் இல்லை என்று அர்த்தம். “ஒளித்தொகுப்பு” என்று சட்டெனச் சொல்லிவிட்டு அதற்கு மேல் வாய் திறக்காவிட்டால், மனப்பாடம் மட்டும்தான் இருக்கிறது.

சொற்கொப்பி

ஒற்றை ரூல் கொப்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். முதல் நிரலில் புத்தகத்துச் சொல். இரண்டாவதில் பிள்ளை தன் வாயால் சொல்லும் விளக்கம், பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். மூன்றாவதில் அதை எங்கே கண்டது என்று ஓரிரு சொல்: “பம்படியில்”, “அம்மம்மாவின் பாக்குவெட்டி”. மூன்றாம் நிரல் வெறுமையாக இருந்தால் அந்தச் சொல் இன்னும் பிடிபடவில்லை. புத்தகத்து வரைவிலக்கணத்தை அப்படியே பார்த்தெழுதுவிப்பது கைக்கு மட்டும்தான் வேலை.

ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். அடுத்த நாள் தொடங்கும்போது நேற்றையதைக் கேளுங்கள், கிழமை முடிவில் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டுக் கேளுங்கள், மாத முடிவில் இன்னொருமுறை.

யூரியூப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லும் காணொளிகளில் அனேகம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. நல்ல காணொளிகள்தான், பார்க்கட்டும். ஆனால் அங்கே கலைச்சொற்கள் வேறு. நாங்கள் கலம் என்பதை அவர்கள் செல் என்பார்கள். இழையம் அங்கே திசு. மூலகம் அங்கே தனிமம். சேர்வை அங்கே சேர்மம். அமுக்கம் அங்கே அழுத்தம். சக்தி அங்கே ஆற்றல். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். இவற்றால் பெரிய தீங்கில்லை. சொல் வேறு, பொருள் ஒன்று, பிள்ளை இரண்டு நாளில் பழகிவிடும்.

தீங்கு செய்வது ஒரே சொல் இரண்டு பொருளில் வரும் இடம். நிறை என்ற சொல் எங்கள் புத்தகத்தில் புவி ஒரு பொருளை இழுக்கும் விசையைக் குறிக்கும், அலகு நியூற்றன். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதே நிறை, பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு. அதை நாங்கள் திணிவு என்கிறோம், அலகு கிலோகிராம். வேகமும் அப்படித்தான். அவர்களுக்கு வேகம் என்பது எங்களுடைய கதி. எங்களுடைய வேகத்தை, அதாவது திசையோடு சேர்ந்ததை, அவர்கள் திசைவேகம் என்பார்கள். காணொளியை நம்பி எழுதும் பிள்ளை விடயம் விளங்கியிருந்தும் புள்ளியை இழக்கும். இந்த இரண்டு சொல்லையும் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர் “நிறை 5 கிலோ” என்று சொல்வதும் இதற்குள் வந்து குழப்பும். புத்தகக் கணக்கில் அந்த 5 கிலோ அரிசி மூட்டையின் திணிவு. அதன் நிறை ஏறக்குறைய 50 நியூற்றன். சந்திரனுக்குக் கொண்டுபோனால் திணிவு அதே 5 கிலோ, நிறை மட்டும் ஆறிலொன்றாகக் குறையும்.

நீரிலிருந்து தொடங்குங்கள்

எந்த அலகில் தொடங்குவது என்று கேட்டால் நான் நீர் என்றுதான் சொல்வேன். சடப்பொருளின் நிலைகள், கரைசல், அடர்த்தி, அமுக்கம், நீர்ச்சக்கரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். வன்னிப் பிள்ளைக்கு நீரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கேட்டாலே போதும்.

பேச்சில் நாங்கள் “ஐஸ்பழம் கரையுது” என்கிறோம், “சீனி கரையுது” என்றும் சொல்கிறோம். புத்தகத்தில் இவை இரண்டும் வேறு. ஐஸ் உருகுகிறது: ஒரே பொருள் திண்மத்திலிருந்து திரவத்துக்கு மாறுகிறது, வெப்பம் மட்டும் போதும். சீனி கரைகிறது: அதற்கு நீர் என்ற கரைப்பான் வேண்டும். இரண்டு கோப்பை வைத்து, ஒன்றில் ஐஸ்கட்டி, மற்றதில் தண்ணீரும் சீனியும் போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கொதிக்கும் கேத்தில் வாயில் வெள்ளையாகத் தெரிவது நீராவி என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வாயை ஒட்டி ஒன்றும் தெரியாத சிறு இடைவெளி இருக்கும், அங்கேதான் நீராவி. அதற்கப்பால் தெரிவது குளிர்ந்து ஒடுங்கிய நுண்ணிய நீர்த்துளிகள். அடுப்படியில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், கையை நீட்ட விடாமல்.

கலவைகளை வேறாக்கலுக்கு அம்மம்மாவைக் கூப்பிடுங்கள். நெல்லைக் காற்றில் தூற்றுவது, அரிசியைச் சுளகில் புடைப்பது, கல் போக அரிப்பது, மாவை அரிதட்டில் அரிப்பது எல்லாம் பாடத்தில் உள்ளவை. எந்த இயல்பு வித்தியாசத்தைக் கொண்டு வேறாகிறது என்பதுதான் கேள்வி: தூற்றும்போது பாரம், அரிதட்டில் துணிக்கையின் பருமன். உப்பு என்று வந்தால் ஆனையிறவு உப்பளம். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலிலும் காற்றிலும் நீர் ஆவியாகிப்போக உப்பு பளிங்காகப் படிகிறது. ஆவியாதல், பளிங்காதல் என்ற இரு சொல்லும் ஒரே பாத்தியில். ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் உப்புத் தண்ணீரை வெயிலில் வைத்தால் வீட்டிலேயே பார்க்கலாம். பெரிய பிள்ளையென்றால் பரந்தனைப் பற்றியும் சொல்லலாம். ஆனையிறவு உப்பைக் கொண்டு முன்பு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரீனும் செய்தார்கள். உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தினால் இவை பிரியும். ஆவியாக்கி உப்பை எடுப்பது பௌதிக மாற்றம், மின்னால் குளோரீன் எடுப்பது இரசாயன மாற்றம். இந்த ஒரு சோடி உதாரணம் போதும், புத்தகத்து உதாரணங்கள் பிறகு தானாக விளங்கும்.

இனி அமுக்கம். குளக்கட்டின் அடி அகலமாக இருப்பது ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கம் கூடுவதால். இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி என்று மாரியில் எல்லாரும் பேசிக்கொள்வது பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கும். 36 அடி ஏறக்குறைய 11 மீற்றர். தரம் 9 பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: ஆழம் 11, நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10. மூன்றையும் பெருக்கினால் 110,000 பஸ்கால் (அமுக்கத்தின் அலகு). வளிமண்டல அமுக்கத்தைவிடச் சற்றுக் கூட. குளம் எவ்வளவு பரந்தது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பெரிய குளத்தில் அமுக்கம் கூட என்பது அனேகமான பிள்ளைகளின் எண்ணம். ஆழம்தான் விடயம். ஒரு பிளாஸ்டிக் போத்தலில் மேல், நடு, அடி என்று மூன்று துளை போட்டுத் தண்ணீர் நிரப்பினால், அடித்துளையில் பீறும் வேகமே மிச்சத்தைச் சொல்லிவிடும். திண்மத்தின் அமுக்கத்துக்கு, சேற்றில் புதையாமல் போகும் உழவு இயந்திரத்தின் அகன்ற சில்லைக் காட்டுங்கள்.

பயிர்

இங்கே ஒரு பிழையான எண்ணம் ஆழமாக வேரூன்றி இருக்கிறது, வீட்டுப் பேச்சே அதை வளர்க்கிறது. பசளை போடுவதை நாங்கள் பயிருக்குச் சாப்பாடு போடுவதாகவே நினைக்கிறோம். ஆனால் தாவரம் தன் உணவைத் தானே செய்கிறது: காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு, வேரால் நீர், இலையில் பச்சையம், சூரிய ஒளி. உண்டாவது வெல்லம், அது மாப்பொருளாகச் சேமிக்கப்படும், வெளியேறுவது ஒட்சிசன். யூரியா உணவல்ல. அதில் 46 வீதம் நைதரசன், புரதம் செய்யத் தேவையான மூலகம். இதைப் பிள்ளைக்குச் சொல்லும்போது வீட்டில் ஐயாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. விவாதம் வரும். வரட்டும்.

அடுத்த குழப்பம் சுவாசம். தாவரம் பகலில் ஒளித்தொகுப்பு, இரவில் சுவாசம் என்று பலர் எழுதுகிறார்கள். சுவாசம் இரவு பகல் எந்நேரமும் நடக்கும். ஒளித்தொகுப்புக்குத்தான் ஒளி வேண்டும்.

வித்திலைக்கு முறிகண்டிக் கச்சானை விடச் சிறந்த கருவி இல்லை. தோலை உரித்து இரண்டாகப் பிளந்தால் இரண்டு வித்திலை, நுனியில் ஒட்டிக்கொண்டு குட்டி முளையம். உழுந்து, பயறு எல்லாம் இருவித்திலை. நெல், தென்னை, பனை ஒருவித்திலை. இலையைக் கிழித்தும் பார்க்கலாம்: வலைபோல நரம்பா, நீட்டுக்கு நீட்டாக நரம்பா? வேரைப் பிடுங்கினால் ஆணிவேரா நார்வேரா? மூன்றும் ஒத்துப்போவதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். பனங்கொட்டையைப் பிளந்து தின்னும் பூரான் என்ன தெரியுமா? அதுவும் பனையின் ஒற்றை வித்திலையின் பகுதிதான், உள்ளேயிருக்கும் சேமிப்பு உணவை உறிஞ்சிப் பருத்தது. பனங்கிழங்கை வெட்டி மருந்துக்கடை அயடீன் ஒரு துளி விட்டால் கருநீலமாகும், அதுதான் மாப்பொருள். (அயடீன் பட்ட துண்டைத் தின்னக் கூடாது.)

கச்சான் செடியையோ பயற்றஞ்செடியையோ வேர் அறாமல் கிளப்பி மண்ணைக் கழுவினால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் வாழும் பற்றீரியாக்கள் வளியின் நைதரசனைத் தாவரம் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. வளியில் 78 வீதம் நைதரசன் இருந்தும் நெல்லால் அதை நேரே எடுக்க முடியாது. நெல் வெட்டிய வயலில் உழுந்தும் பயறும் போடுவதன் நன்மை இப்போது பிள்ளைக்கு விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. இலை, பூச்சி, கல் சேகரிக்கப் பிள்ளைகளைப் பற்றைக்காட்டுக்குள் அனுப்ப வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. வீட்டு வளவு, வரம்பு, ஆட்கள் தினம் நடக்கும் பாதை போதும். இனந்தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் பெரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விலங்கும் காய்ச்சலும்

முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளுக்கு இறால், நண்டு, கணவாய் எல்லாம் மீன் வாடியில் ஒன்றாகக் கிடப்பவை. வகைப்படுத்தும்போது மீனுக்கு மட்டும் முள்ளந்தண்டு, மற்ற மூன்றும் முள்ளந்தண்டிலி. வௌவால் பறந்தாலும் முலையூட்டி. இந்தப் பாடம் இலகு, கெதியாகக் கடந்துவிடலாம்.

நுண்ணங்கிக்கு (கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) மூன்று காய்ச்சலை எடுங்கள். டெங்கு வைரசால் வருவது. எலிக்காய்ச்சல் பற்றீரியாவால், வயல் செய்பவர்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. மலேரியா புரட்டோசோவாவால்; ஒருகாலத்தில் வன்னியை வாட்டியது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. டெங்குவையும் மலேரியாவையும் நுளம்பு காவுகிறது, ஆனால் நுளம்பு நோயாக்கி அல்ல, காவி. இந்த வித்தியாசம் பரீட்சையில் அடிக்கடி சறுக்கும் இடம்.

அமிலம், மூலம்

செவ்வரத்தம்பூ இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடியுங்கள். தேசிக்காய்ச் சாறு (அமிலம்) விட்டால் சிவக்கும், அப்பச்சோடா (மூலம்) போட்டால் பச்சையாகும். அமிலமா மூலமா என்பதை நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாள் செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை சவர்க்காரம் போட்டதும் சிவப்பதும் இதே விடயம்: சவர்க்காரம் மூல இயல்புடையது, மஞ்சள் ஒரு காட்டி. கிணற்றுக்குப் போடும் குளோரீன் தூளையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், கலந்தால் நச்சு வாயு வரும்.

விசை, பொறி, மின்

நெம்புகோல் வகை மூன்றையும் மனப்பாடம் செய்விக்காமல் ஒரே கேள்வி கேளுங்கள்: நடுவில் இருப்பது எது? துலாவில் ஊன்றும் இடம் நடுவில், முதல் வகை. பாக்குவெட்டியில் சுமை, அதாவது பாக்கு, நடுவில், இரண்டாம் வகை. தூண்டில் தடியில் கை கொடுக்கும் எத்தனம் நடுவில், மூன்றாம் வகை.

ஒலியும் ஒளியும் ஐப்பசி மழையோடு படிக்க வேண்டியவை. மின்னலைக் கண்டதும் செக்கன் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது நிறுத்தி, மூன்றால் பிரித்தால் கிலோமீற்றரில் தூரம் வரும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகிறது என்பதால்தான். வீட்டுக்குள் இருந்து எண்ணுங்கள்.

மின்னுக்கு 1.5 வோல்ற்றுப் பற்றரி, ரோச் மின்குமிழ், இரண்டு துண்டு வயர். வீட்டு மின்னிலும் யானை வேலியிலும் எந்தப் பரிசோதனையும் இல்லை. மின்குமிழ் மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை, குமிழுக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் ஒன்றே. மாறுவது சக்தியின் வடிவம். இதை விளங்கினால் இந்த அலகுக்குப் போதும்.

பரீட்சைக்கு முன்

தவணைப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது பழைய வினாத்தாள்களை எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். முதலில் கேள்வியின் கடைசிச் சொல்லைக் கோடிடப் பழக்குங்கள். “பெயரிடுக” என்றால் ஒரு சொல் போதும். “விளக்குக” என்றால் காரணம் வேண்டும், “ஏனெனில்” என்ற சொல் விடையில் இருக்கிறதா என்று பாருங்கள். “வேறுபடுத்துக” என்றால் இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுப் போகும் பிள்ளைகள் ஏராளம். படம் கேட்டால் பென்சிலால் வரைந்து, பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இழுக்க வேண்டும். கணக்கென்றால் விடைக்குப் பின்னால் அலகு. அலகில்லாத விடைக்கு வீட்டிலும் சரி போடாதீர்கள்.

விடை பிழைத்த கேள்விக்குரிய சொல்லைச் சொற்கொப்பியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இல்லாவிட்டால் அன்றைக்கே சேர்க்க வேண்டும். இருந்தும் பிழைத்திருந்தால் மூன்றாம் நிரலில் எழுதிய இடத்துக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் விளங்காததை ஒரு தாளில் குறித்துப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டால், மறுநாள் விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டு வரும்.